ஒண்ணுமில்லக்கா

மென்டரிடமிருந்து முழுப் பயன் பெறுவது எப்படி என்று எங்கள் மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். நேரத்துக்கு வர வேண்டும், மனதைத் திறந்து வைக்க வேண்டும், குறை சொன்னால் கோபப்படக் கூடாது. எல்லாம் சரி. மென்டராக வந்தவள் கல்லூரியில் உங்களுக்கு ஜூனியராக இருந்து, இன்றைக்கும் உங்களை 'அக்கா' என்றே கூப்பிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இதைச் சொன்னதும் ஆம்பூரில் பாதிப் பேர் "ஓ, பிஸியோவா" என்பார்கள். மீதிப் பேர் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று எடுத்துக்கொண்டு, மச்சானின் குடலிறக்கத்தைப் பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். உடம்பில் எது பழுதானாலும், அந்த ஆள் மறுபடி தன் சட்டைப் பொத்தானைத் தானே போடவும், சோறு பிசைந்து சாப்பிடவும், தன் வேலைக்குத் திரும்பவும் வழி பண்ணுவதுதான் என் தொழில். பிள்ளைகள் வளரும்வரை வீட்டில் இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு வேலைக்குத் திரும்பினேன். அப்படித் திரும்புகிறவர்களுக்கு ஒரு மென்டர் கட்டாயம் என்றது நிர்வாகம்.

மென்டர் என்றால் வழிகாட்டி என்று வீட்டுக்காரரிடம் விளக்கினேன்.

"போன்ல 'இடது பக்கம் திரும்பவும்'னு சொல்லுமே, அது மாதிரியா?" என்றார்.

அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அது நாம் தப்பான பக்கம் திரும்பினால் உடனே சொல்லிவிடும். நம் மனம் நோகுமே என்று நாலு கிலோமீட்டர் சும்மா வராது.

எனக்கு ஒதுக்கப்பட்ட மென்டர் குடியாத்தத்துக்காரி. ஹாஸ்டலில் என் அறைக்கு எதிர் அறை. அவள் சேர்ந்த முதல் வாரம், கட்டில் மேல் நிற்க வைத்து கை எலும்புகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னேன். எனக்கே அந்த வரிசை முழுதாகத் தெரியாது, அவள் தப்பாகச் சொல்லியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவள் தப்பாகச் சொல்லவில்லை. இப்போது பெங்களூரில் பெரிய இடத்தில் கை சிகிச்சைப் பிரிவையே நடத்துகிறாள். கருத்தரங்குகளில் மேடை ஏறுகிறாள். அங்கெல்லாம் யாரும் கட்டில் கொண்டு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை மாலை, வீடியோவில் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. முதல் அழைப்பில் பாதி நேரம் என் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது, மீதி நேரம் அவள் மாமியாரின் முழங்காலுக்குப் போனது. கடைசியில் நான் பார்க்கிற நோயாளிகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சூப்பர்க்கா" என்றாள். பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த நான், இப்படி ஒரு மென்டர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி போனை வைத்தேன்.

அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, ஷூ கம்பெனியில் தைக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஷூவின் மேல் பாகத்தைத் தோல் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைக்கிற பிரிவில் வேலை. வீட்டில் அரிவாள்மனையில் மீன் அரியும்போது கை வழுக்கி, இடது உள்ளங்கையில் ஆழமாக வெட்டிக்கொண்டாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குகிற நரம்பு இரண்டும் அறுந்துவிட்டன. நரம்பு என்று ஊரில் சொல்கிறோம், உண்மையில் அது தசைநாண். வேலூரில் ஆபரேஷன் செய்து சேர்த்து, மிச்ச வைத்தியத்துக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

என்னிடம் வந்தபோது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மடக்கப் பழக்கினேன். ரப்பர் களிமண்ணைப் பிசைய வைத்தேன், துணிக் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டிக் கழற்ற வைத்தேன், சொம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வைத்தேன். ஒரு நாள் கை முழுதாக மூடியது. நான் கைதட்டினேன். அவளும் சிரித்தாள். "ரொம்ப தாங்க்ஸ் மேடம்" என்றாள். அவளிடமே கேட்டுக்கொண்டு, மூடிய கையை வீடியோ எடுத்து மென்டருக்கு அனுப்பினேன். மென்டருக்கு என்றா சொன்னேன், ஜூனியருக்கு அனுப்பினேன். சீனியர் எப்படி வேலை செய்கிறாள் என்று பார்க்கட்டுமே.

அந்த வியாழக்கிழமை அவள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"சூப்பர்க்கா, நல்லா மடங்குது. அவங்க வேலை..." என்று இழுத்தாள்.

"இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லா பண்றீங்க."

ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லை என்றுதான் அர்த்தம் என்று நம்புகிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானே தினம் இரண்டு தடவையாவது அதைச் சொல்கிறவள். ஆனால் அன்று அது ஒண்ணுமில்லையாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தத் தைக்கிறவள் கம்பெனிக்குப் போனாள். ஒரே நாளில் திரும்பி வந்தாள். தெரபி அறையில் என் எதிரே உட்கார்ந்து, சரியாகிவிட்ட அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓடல மேடம்" என்றாள்.

தைத்த துண்டுகளில் பாதி வீணாகிவிட்டனவாம். வளைவு வருகிற இடத்தில் தையல் கோணுகிறது. சூப்பர்வைசர் நல்ல மனிதர், திட்டவில்லை. அடுத்த ஆர்டர் ஆரம்பிக்கும்போது கை தயாராக இருந்தால் மிஷின், இல்லாவிட்டால் ஹெல்பர் என்று சொல்லிவிட்டார்.

"ஹெல்பரா இருந்துதான் மேடம் மிஷினுக்கு வந்தேன். நூலு வெட்டிக்கினு, பீஸ் தூக்கிக்கினு, எத்தினி வருசம். இப்ப என் மிஷின்ல உக்காந்துக்கினு இருக்கறது நான் கத்துக்குடுத்த பொண்ணு. நாளைக்கு அவளுக்கு நான் நூலு எடுத்து குடுக்கணும்." மடியில் இருந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல பொண்ணுதான். அக்கா அக்கான்னுதான் கூப்புடுது. அதான் இன்னும் பேஜாரா இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் பெங்களூருக்கு வீடியோ போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, பாவம்க்கா" என்றாள்.

"பாவம் கிடக்கட்டும். போன வாரம் ஒண்ணுமில்லக்கான்னு சொன்னியே, அதுல இன்னா இருந்துச்சு?"

"அதுல ஒண்ணும்..."

"சொல்லு."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

"எடுத்துக்கறேன். சொல்லு."

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது, சிக்னல் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க தைக்கிற மிஷின நீங்க பாத்திருக்கீங்களாக்கா?"

"நான் ஆம்பூர்ல பொறந்தவ."

"அதில்லக்கா, மிஷின..."

"எங்க அப்பா டேனரில வேலை பாத்தவரு. தெருவுல காத்து திரும்பினா எந்த டேனரின்னு மூக்கால சொல்லுவேன். எனக்கு போய் ஷூவ பத்தி சொல்றியா?"

"சரிக்கா. ஒண்ணுமில்லக்கா."

அந்த இரண்டாவது ஒண்ணுமில்லக்காவில்தான் எனக்குப் புரிந்தது. இவள் என்னிடம் எதையோ சொல்ல வாய் திறக்கிற ஒவ்வொரு தடவையும், நான் அந்தக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் போடுகிறேன். அவளும் பழக்கதோஷத்தில் ஏறி நின்றுகொள்கிறாள். இந்த லட்சணத்தில் எனக்கு மென்டர் எதற்கு, கண்ணாடி போதும்.

"இங்க பாரு," என்றேன். "இந்த போன் வைக்கற வரைக்கும் என்ன அக்கான்னு கூப்புடாத."

"அப்ப இன்னான்னு கூப்புடறது?"

"எதுவும் கூப்புடாத. கேள்வி மட்டும் கேளு. நான் உங்கிட்ட வேலைக்கு சேந்த புதுப் பொண்ணுன்னு நெனச்சிக்கோ."

அவள் தண்ணீர் குடித்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். அந்த மிஷின் எப்படி இருக்கும், தட்டையா, உயரமா? தோல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்குப் போகும்? வலது கை என்ன செய்யும்? இடது கை பிடிக்குமா, தள்ளுமா, அழுத்துமா? விரல் மடங்கி இருக்குமா, நீட்டி இருக்குமா? அவங்க உட்காரும்போது கண் எங்கே இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் நான் "தெரியல" என்றேன். நாலாவது தெரியலைக்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. இவளைக் கட்டில் மேல் நிற்க வைத்தவள் நான்.

கடைசியாகச் சொன்னாள்: "கைய பாத்த. வேலைய பாக்கல. நம்ம தொழிலுக்கு பேரே அதுதானே, ஆக்குபேஷன், வேலை. முதல் வருஷ பாடம் இது."

'பாத்தீங்க' இல்லை, 'பாத்த'. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவமானமாக இருந்தது, அழுகைகூட வந்தது. அத்தோடு, திரும்பி வந்த இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என்னை யாரோ தொழில்காரியாக மதித்துப் பேசியது மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் செய்தி அனுப்பினாள். "சாரிக்கா, கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன்."

"கம்மியாதான் பேசின. வியாழக்கிழமை மிச்சத்தையும் பேசு," என்று பதில் போட்டேன்.

மறுநாளே கம்பெனிக்குப் போய் சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கி, தையல் பிரிவுக்குள் நுழைந்தேன். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தும், ஷூ கம்பெனிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். தோல் பதனிடுகிற டேனரியின் பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாசனையை எதிர்பார்த்து நான் உள்ளே போனால், அங்கே பசை வாசனை. வரிசை வரிசையாக டியூப்லைட். தலையில் குல்லாய் மாட்டிய பெண்கள். என் மூக்கின் பெருமை வாசலிலேயே முடிந்தது.

அவளுடைய மிஷினில், அவளிடம் தொழில் கற்ற அந்தச் சின்னப் பெண் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நம் வீட்டுத் தையல் மிஷின் மாதிரி அது தட்டையாக இல்லை. மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூண் மாதிரி எழும்பி நிற்கிறது, அதன் தலையில்தான் ஊசி இறங்குகிறது. ஷூவின் மேல் பாகத்தைத் தூணின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து, சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். அந்தப் பெண்ணின் இடது கையையே பார்த்தேன். அந்தக் கை எதையும் பிடிக்கவில்லை. இரண்டு விரல்களும் நேராக நீட்டி, தோலின் மேல் தட்டையாகப் படிந்து, அழுத்தியபடி வழுக்கிக்கொண்டே திருப்பின.

நீட்டி. நான் மாதக்கணக்கில் அவளை மடக்கப் பழக்கியிருந்தேன். கைதட்டினேன் வேறு.

மடங்குகிற அவள் விரல்கள் முழுதாக நிமிர்வதில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். உள்ளங்கைத் தழும்பு இறுகி, இரண்டு விரலும் கொக்கி மாதிரி கொஞ்சம் வளைந்தே நின்றன. சோறு தின்ன, தலை வார, சொம்பு தூக்க அந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை என்பதால் விட்டுவிட்டேன். இந்தத் தூணின் மேல் அது மட்டும்தான் பொருட்டு. வளைந்த விரலின் நுனி மட்டும் தோலில் படும், தோல் சுருங்கும், தையல் கோணும். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கண்டுபிடிக்கத் தெரிந்தவள்தான் நான். இங்கே வந்து உட்காரத்தான் தெரியவில்லை.

வியாழக்கிழமை அக்கா இல்லாத அழைப்பில் இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். தழும்பைத் தேய்த்து இளக்குவது, விரல்களை நிமிர்த்தி வைக்கிற அட்டை ஒன்றைத் தூங்கும்போது கட்டிக்கொள்வது என்று அவள் சொன்னாள். பயிற்சிக்குத் தூண் வேண்டும் என்றேன் நான். மிஷினை மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாது. வீட்டில் கிரைண்டர் வாங்கிய பிறகு ஓய்வு பெற்றிருந்த ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசை மேல் நிமிர்த்தி, ஆடாமல் கட்டி வைத்தேன். சூப்பர்வைசர் ஒரு பை நிறையக் கழிவுத் தோல் கொடுத்திருந்தார். குழவியின் தலையில் தோலைக் கவிழ்த்து, விரல்களைத் தட்டையாக வைத்து, அழுத்தியபடி சுற்ற வேண்டும்.

எங்கள் மேனேஜர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், சட்னி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆமா சார். மதியானம் இட்லியோட வாங்க."

பயிற்சிக்கு வந்தவளுக்குக் குழவியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தோலை அதன் மேல் போட்டுக் கையை வைத்ததும் முகம் மாறியது. உட்காரும் விதமே மாறியது. முதுகு முன்னால் சாய்ந்து, தலை ஒரு பக்கமாகத் திரும்பி, வலது கால், அங்கே இல்லாத பெடலைத் தேடியது.

அன்று அவளிடம் கேட்டேன். "கிளிப்பு மாட்ற பயிற்சி குடுத்தேனே, அது உனக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

"நெஜமா சொல்லு. என்ன மேடம்னு கூப்புடாத. கூப்புடாம சொல்லு."

"சரிங்க மேடம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அக்காவைக் கழற்ற எனக்கு ஒரு முழுச் சண்டை தேவைப்பட்டது, மேடத்தைக் கழற்ற என்ன வேண்டுமோ தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் தோலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு குழவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த கிளிப்பால எங்க வூட்டு மொட்டமாடில துணி பறக்காம இருக்குது. அவ்ளோதான் மேடம்."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோசமா கை தட்டுனீங்க. எப்டி சொல்றது?"

பெங்களூரில் ஒருத்தி என்னிடம் சொல்லாமல் விழுங்கியதையே இங்கே ஒருத்தி என் எதிரிலேயே உட்கார்ந்து விழுங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் விழுங்கினார்கள். அந்த மரியாதைக்கு விலையாக இவள் மிஷின் போகப் பார்த்தது. இதை மென்டரிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல மரியாதைக்கு தனியா ஒரு தெரபி வேணும்," என்றாள்.

விரல்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. நடுவிரல் சீக்கிரம் வழிக்கு வந்தது. ஆள்காட்டி விரல் கடைசிவரை கொஞ்சம் வளைந்தே நின்றது. இதற்கு மேல் வராது என்று எனக்குத் தெரிந்தது, மென்டரும் அதையே சொன்னாள், இந்தத் தடவை அக்கா போடாமல். அப்படியானால் அழுத்துகிற வேலையை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் மாற்றிப் பழக்குவோம் என்றேன். "கரெக்ட்," என்றாள். "சூப்பர்க்கா"க்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த ஒரு கரெக்ட்டுக்கு ஈடாகாது.

அடுத்த ஆர்டர் ஆரம்பிக்கிற அன்று காலை அவளோடு கம்பெனிக்கு நானும் போனேன். சின்னப் பெண் மிஷினிலிருந்து எழுந்து நின்றாள். "வாங்கக்கா," என்று ஸ்டூலைத் துடைத்தாள். அவள் உட்கார்ந்தாள். முடியாமல் போனால் இந்தப் பெண்ணுக்கே நூல் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் இப்படி அன்பாக அக்கா அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு.

சும்மா நின்றிருக்கலாம். எனக்குத்தான் சும்மா நிற்க வராதே. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விளக்க ஆரம்பித்தேன். விரல் கோணம், தழும்பு, ஸ்டூலின் உயரம். அவர் தலையாட்டிக்கொண்டு மிஷினையே பார்த்தார். நான் நகர்ந்து நகர்ந்து அவள் தோளுக்கு மேல் குனிந்து நின்றேன். முதல் துண்டு நேர்க்கோடு, ஓடியது. வளைவு வந்தது. மிஷின் சத்தம் மெதுவானது. நடுவிரலும் மோதிர விரலும் தட்டையாகப் படிந்து தோலைத் திருப்பின. ஆள்காட்டி விரல் ஒதுங்கி நின்றது. தையல் வளைந்து, சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

சூப்பர்வைசர் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடுத்த மேசைக்குப் போகிற டிரேயில் வைத்தார். சின்னப் பெண்ணைப் பார்த்து, "நீ பின்னாடி வரிசைல போய் உக்காரும்மா," என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணிக்கட்டை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்வதற்காக இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"ஏய், தள்ளி நில்லு," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "வெளிச்சம் மறைக்குது."

சூப்பர்வைசர் பதறிப்போய், "யார பாத்து இன்னா பேசற," என்றார். அவள் காதில் அது விழவில்லை, அடுத்த துண்டை எடுத்துத் தூணின் மேல் கவிழ்த்துவிட்டாள்.

நான் தள்ளி நின்றேன்.